பஸ்ராவில் யாரும் நிற்கவில்லை

இங்கிலாந்தில் தோல் ஷாப் குமாஸ்தாவின் மகன் நின்றான். எங்களில் காலுக்குச் செருப்பு போட்டவன் அவன் ஒருவன்தான்.

பிரான்சில் அவன் தங்கை.

ஜெர்மனியில் கள்ளுக்கடைக்காரர் மகன். அந்த நாட்டோடு சண்டை நடந்துகொண்டிருந்ததால் அதற்கு வேறு யாரும் சம்மதிக்கவில்லை.

ருஷ்யாவில் வண்டிக்காரர் மகள். எங்கள் எல்லாரையும்விட உயரம். பெரிய நாட்டுக்குப் பெரிய ஆள் வேண்டும் என்று வாத்தியார் அவளை வைத்தார்.

துருக்கியில் முதலாளி சாயபுவின் பேரன். தலையில் தொப்பி.

அரேபியாவில் அவனுடைய அத்தை மகன்.

சீனாவில் எண்ணெய்ச் செக்குக்காரர் மகன்.

ஜப்பானில் தபால்காரர் மகள். சின்னப் பிள்ளை. நிற்கச் சொன்னால் உட்கார்ந்துவிடும்.

ஆப்பிரிக்காவின் தென்கோடியில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவரின் மகன்.

அமெரிக்காவில் என் சித்தப்பா மகன்.

ஆஸ்திரேலியாவில் நான்.

இந்தியாவில் வாத்தியார். கையில் மூங்கில் குச்சி. அந்த இடத்தை எல்லாப் பிள்ளைகளும் கேட்டோம். அவரே நின்றுகொண்டார்.

பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்த அன்று இருந்தவர்கள் இவர்கள்.

எங்கள் தோல் ஷாப் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் இருந்தது. தோல் பதனிடும் ஆவாரம்பட்டையை அடுக்கி வைத்த பழைய கொட்டகை ஒன்று சும்மா கிடந்தது. முதலாளி அதைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டார். பட்டையின் வாசனை கடைசிவரை போகவில்லை. சிலேட்டிலும் அடித்தது, தலைமுடியிலும் அடித்தது. நான் அங்கே மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தேன். அதற்கு மேல் இல்லை.

வாத்தியார் வேலூர்க்காரர். சின்ன வயசு. அங்கே பெரிய பள்ளிக்கூடத்தில் உலகப் படத்தைத் துணியில் எழுதிச் சுவரில் மாட்டியிருப்பார்களாம். எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். வரவில்லை.

"படம் இல்லேன்னா போகுது. தரை இருக்குதே" என்றார்.

ஷாப்பில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் சுண்ணாம்புக்கு வராது. தோலில் இருக்கும் ரோமம் கழலுவதற்குச் சுண்ணாம்புக் குழியில்தான் ஊறப் போடுவார்கள். வாத்தியார் ஒரு வாளி வாங்கி வந்தார். தோல் காயப்போடும் திடலில், கையில் இருந்த சிறு தாளைப் பார்த்துப் பார்த்து உலகத்தைக் கோடு போட்டார். கோட்டில் மிதித்தால் உள்ளங்கால் எரியும். குழிக்காரர் மகன் எங்களுக்கு எண்ணெய் தடவச் சொல்லிக் கொடுத்தான்.

கோடு போட ஒரு காலைப் பொழுது போதுமாக இருந்தது. யார் எங்கே நிற்பது என்பதற்குத்தான் நாளாயிற்று. சேரிப் பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். ஊர்ப் பிள்ளைகளோடும் சாயபு வீட்டுப் பிள்ளைகளோடும் உரசாமல் நிற்க வேண்டும். அதனால் ஒருவனுக்கு அமெரிக்கா, ஒருவனுக்கு ஆப்பிரிக்காவின் தென்கோடி, எனக்கு ஆஸ்திரேலியா. சுற்றிலும் கடல். வாத்தியார் இதை வாயால் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

என் அம்மா அதே ஷாப்பில் ஆட்டுத் தோலிலிருந்து ரோமம் பிடுங்கும் வேலை செய்தாள். அந்தக் கொட்டகைக்கு அரைச் சுவர்தான். கை வேலையில் இருக்கும், கண் திடலில் இருக்கும். நாங்கள் தினமும் நின்று பழகுவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு நாள் சோறு போடும்போது கேட்டாள்.

"சாயபு பேரன் நிக்கிறானே, அது எந்த ஊரு?"

"ஊரு இல்லம்மா, நாடு. துருக்கி."

"நீ நிக்கறது?"

"ஆஸ்திரேலியா."

"அங்க யாரு கீறாங்க?"

"ஆடு கீதாம். ரொம்ப ஜாஸ்தியாம்."

"அப்போ தோல் ஷாப்பும் இருக்கும்" என்றாள்.

கடல் தாண்டி இருப்பதெல்லாம் ஒரே இடம், அதற்குச் சீமை என்று பெயர், நாங்கள் பதனிடும் தோல் அங்கே போகிறது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். அது பல துண்டாக இருப்பதை அந்தத் திடலில்தான் பார்த்தாள்.

"பஸ்ரா எங்க கீது?" என்று கேட்டாள்.

நைனா இருந்த இடம் அது. அப்பாவை நாங்கள் நைனா என்போம். சண்டைக்குப் போகும் குதிரைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் சேணம் தைக்க ஆள் எடுத்தார்கள். நைனா ஷாப்பில் தைக்கிற வேலையும் பழகியிருந்தார். ஆம்பூரில் ரயில் ஏறினார். பம்பாய் போய்க் கப்பல் என்றார்கள். பஸ்ரா என்ற சொல் ஒன்றைத்தான் அம்மாவிடம் விட்டுப் போனார். அம்மா அதை யாரிடமும் சொல்லிப் பார்த்ததுகூட இல்லை.

மறுநாள் வாத்தியாரைக் கேட்டேன். துருக்கிக்கும் அரேபியாவுக்கும் நடுவே, கொஞ்சம் கிழக்கே தள்ளி, கடல் நுழையும் மூலையில் குச்சியை வைத்தார்.

"இதோ. ரெண்டு ஆறு சேர்ந்து கடல்ல விழுற இடம்."

அரைச் சுவருக்கு மேலே அம்மாவின் தலை தெரிந்தது. அவளும் பார்த்தாள்.

அன்று வேலை விட்டதும் அவள் திடலுக்கு வந்தாள். கை முழங்கை வரைக்கும் வெள்ளை. கோட்டுக்கு வெளியே நின்றாள். அம்மா யாரிடமும் எதையும் கேட்கிறவள் இல்லை. அதுவரை வாத்தியாரிடம் அவள் பேசியதை நான் பார்த்ததில்லை.

"ஐயா, எம் பொண்ணை பஸ்ராவுல நிக்க வைங்க."

வாத்தியார் என்னைப் பார்த்தார். "அது நாடு இல்லம்மா. ஒரு ஊரு. துருக்கிக்காரன் கையில இருந்தது. இப்போ சர்க்கார் கையில இருக்குது."

"ஊராவே இருக்கட்டும் ஐயா. இவ நைனா அங்க கீறாரு. ஒரு நாளைக்கு இவ அங்க நிக்கட்டும்."

"அது சின்ன இடம்மா. ரெண்டு பக்கமும் சாயபு வீட்டுப் பசங்க நிக்கிறாங்க. ஆள் நிக்க இடம் பத்தாது."

அம்மா அந்த இடத்தைப் பார்த்தாள். இரண்டு பையன்களும் அப்போது அங்கேதான் நின்றார்கள். நடுவில் ஒரு எருமைத் தோலை விரிக்கலாம்.

"சரிங்க ஐயா" என்றாள். போய்விட்டாள்.

வாத்தியார் கெட்டவர் இல்லை. நான் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார இடம் கொடுத்தவர் அவர்தான். அதற்கே ஊரில் பேச்சு வாங்கினார்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று வெயில் அதிகம். அவர் தலைப்பாகையோடு குடைக்குக் கீழே நின்றார். ஒவ்வொரு நாடாகக் கேட்டு வந்தார். இங்கிலாந்து நன்றாகச் சொன்னான். ஜெர்மனியைக் கேட்டதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் ஒண்ணும் பண்ணலீங்க சார், இவங்கதான் இங்க நிறுத்தினாங்க" என்றான். குமாஸ்தாகூடச் சிரித்தார். ஜப்பான் உட்கார்ந்திருந்தது. துருக்கி மட்டும் இன்ஸ்பெக்டரைத் திருப்பிக் கேட்டான்: "சார், மக்கா எங்க கீதுன்னு உங்களுக்குத் தெரியுமா?" வாத்தியார் குச்சியைக் கீழே போட்டுவிட்டார்.

கடைசியில் என்னிடம் வந்தார். கிட்டே வரவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"உன் பக்கத்து நாடு எது?"

"இல்லீங்க. கடல்தான்."

எதையோ எழுதிக்கொண்டார்.

பஸ்ராவில் யாரும் நிற்கவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

அன்று முழுவதும் துருக்கி என்னைக் கேலி செய்தான். "ஏ ஆஸ்திரேலியா, உனக்கு ஒரு தோஸ்த்கூட இல்லியா?" என்று திடலின் அந்த மூலையிலிருந்து கத்துவான். "நீ ஜெர்மனிக்கு தோஸ்த். போய் அவன் கண்ணைத் தொடை" என்று நானும் கத்தினேன். எங்களுக்குள் அவ்வளவு பேச்சு போகும். கிட்டே வந்து பேசியதில்லை.

மழைக்காலத்துக்கு முன்பே காய்ச்சல் வந்தது. முதலில் வேலூர் என்றார்கள், பிறகு ஆம்பூர் என்றார்கள், பிறகு எங்கள் தெரு. காலையில் தண்ணீர் எடுத்தவள் சாயங்காலம் பேச மாட்டாள். பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். வாத்தியார் தன் தாயாரைப் பார்க்க வேலூருக்குப் போனார். அவர் திரும்பி வரவில்லை. இருந்தாரா போனாரா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பிரான்சு போனாள். ஆப்பிரிக்கா போனான். அவன் அப்பா மறுநாளே குழி வேலைக்கு வந்து நின்றார். ஜப்பான் போனது. தபால்காரர் அந்தக் கிழமையும் தபால் கொடுத்தார்.

ஷாப்பிலும் ஆள் இல்லை. தோல் குழியிலேயே கிடந்து வீணாயிற்று. அந்த நாற்றத்தை எழுத முடியாது. மழை வந்து திடலைக் கழுவிவிட்டுப் போனது. உலகத்துக்குப் போட்ட கோட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

சண்டை முடிந்துவிட்டது என்று ஷாப்பில் பேசிக்கொண்டார்கள். அம்மா நைனாவின் வேட்டியைத் துவைத்துக் காயப் போட்டாள். அப்புறம்தான் அந்த ஆள் வந்தார். பேரணாம்பட்டுக்காரர். ஒரு கால் விந்தி நடந்தார். நைனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சேணம் தைத்தவராம். வாசலிலேயே நின்று சொன்னார்.

"காய்ச்சல்தாம்மா. அங்கயும் அதே காய்ச்சல்."

அம்மா கொடியிலிருந்த வேட்டியை எடுத்து மடித்தாள்.

"மணல்ல வரிசையா பொதைச்சாங்க. நானும் ஒரு பக்கம் புடிச்சேன்."

"தலையை எந்தப் பக்கம் வெச்சீங்க?" என்று அம்மா கேட்டாள்.

அவர் யோசித்தார். "தெரியலம்மா. வெயிலு. திக்கு தெரியல."

"சாப்டுட்டுப் போங்க" என்றாள். அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

வெளியூரில் செத்தால் சேதி வந்த நாள்தான் எங்களுக்குச் செத்த நாள். அன்று செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அம்மாவின் கழுத்திலும் கையிலும் இருந்தவை போயின. மறுநாள் புதைத்த இடத்தில் பால் ஊற்ற வேண்டும். இடம் இல்லை.

சித்தப்பா சொன்னார்: "ஆத்துல ஊத்திடலாம் அண்ணி. தண்ணி கொண்டுபோய்ச் சேத்துடும்."

நான் குறுக்கே பேசினேன். "பாலாறு கெழக்கால போவுது சித்தப்பா. பஸ்ரா மேக்கால கீது. போய்ச் சேராது."

"மூணாங் கிளாசு படிச்சிட்டு வாயைப் பாரு" என்றார் சித்தப்பா. அடிக்கவில்லை. செத்த வீடு.

அம்மா என் பக்கம் திரும்பினாள். அன்று முழுக்க அவள் முகத்தை நான் பார்த்தது அப்போதுதான்.

"வாத்தியாரு குச்சியால காட்டினாரே, அந்த எடம் உனக்குத் தெரியுமா?"

"கோடு போய்டுச்சும்மா."

"நின்ன பசங்க கீறாங்க இல்ல?"

சித்தப்பா எழுந்தார். "தோலு காயற எடத்துல பால் ஊத்துவாங்களா? ஊரு சிரிக்கும் அண்ணி."

"சிரிக்கட்டும்" என்றாள்.

மறுநாள் நானும் சித்தப்பா மகனும் பிள்ளைகளைக் கூப்பிடப் போனோம். ஊர்த்தெருவுக்குள் நாங்கள் போக முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிடவும் முடியாது. தெருமுனையில் நின்று நாட்டைச் சொல்லிக் கூப்பிட்டோம்.

"ருஷ்யா! சீனா! ஏ ஜெர்மனி!"

ஒரு ஆள் வெளியே வந்தார். "இன்னாடா கத்தறீங்க, பைத்தியமா?" என்றார். அதற்குள் ருஷ்யா ஓடி வந்துவிட்டாள். கையில் மாவு. "இன்னாத்துக்கு?" என்றாள். சொன்னேன். கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கூட நடந்தாள். ஜெர்மனியும் சீனாவும் வந்தார்கள். ரோட்டோரம் இருந்த குமாஸ்தா வீட்டுக்கு நேரே நின்று இங்கிலாந்து என்று ஒருமுறைதான் கூப்பிட்டேன். வந்தான். செருப்பு இல்லை. அதே ரோட்டில் தபால்காரர் வீட்டைக் கூப்பிடாமல் தாண்டினோம்.

சாயபு வீட்டில் துருக்கி மட்டும் இருந்தான். "அரேபியா வாலாஜாபேட்டை போய்ட்டான். அவங்க மாமு வூட்டுக்கு" என்றான். எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். கொஞ்சம் நின்றான். "இரு, வர்றேன்" என்று உள்ளே போய்த் தொப்பி போட்டு வந்தான்.

திடல் காலியாக இருந்தது. மேஸ்திரி முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "இன்னா, மறுபடியும் இன்ஸ்பெக்டரா?" என்றார். சித்தப்பா மகன் விஷயத்தைச் சொன்னான். மேஸ்திரி முக்காலியை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாங்கள் நிற்க ஆரம்பித்தோம். கோடு இல்லாமல் நிற்பது சிரமம். ருஷ்யா முதலில் நின்றாள். பட்டைக் கொட்டகையின் இரண்டாவது தூணுக்கு நேரே என்று அவளுக்கு நினைவு இருந்தது. அவளை வைத்து மற்றவர்கள் நின்றார்கள்.

"நீ இன்னும் தள்ளு, அது கடலு" என்றான் சீனா.

"உன் வேலையைப் பாரு, நீ நிக்கறது எங்க வூடு" என்றாள் ருஷ்யா.

ஜெர்மனி நகர்ந்து நகர்ந்து இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். இங்கிலாந்து கை நீட்டித் தடுத்தான்.

"அங்க நிக்காத. அது எங்க தங்கச்சி எடம்."

ஜெர்மனி பின்னால் போனான்.

துருக்கிக்கும் அரேபியாவுக்கும் நடுவில்தான் பஸ்ரா. அரேபியா இல்லை. துருக்கி ஒருவனை மட்டும் வைத்துக்கொண்டு இடத்தைச் சொல்ல முடியாது. அவனும் அதைக் கவனித்தான். தலையிலிருந்து தொப்பியை எடுத்தான். திரும்பித் தன் தாத்தா இருக்கும் வீட்டுப் பக்கம் பார்த்தான்.

"தாதா பாத்தா என் தோலைக் குழியில போட்டுடுவாரு" என்றான். தொப்பியைத் துருக்கியில் வைத்தான். அவன் போய் அரேபியாவில் நின்றான்.

அம்மா செம்போடு வந்தாள். ஆட்டுப் பால். எங்களில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. இது இடுகாடு இல்லை, அதனால் அவளே வந்தாள். அவள் வந்து நின்ற இடம் இந்தியா. வாத்தியார் போனபிறகு அங்கே நாங்கள் யாரும் நிற்கவில்லை. அம்மாவுக்கு அது தெரியாது.

"எங்க?" என்றாள்.

"இங்க வாங்கம்மா" என்றான் சாயபு பேரன். "தொப்பிக்கும் எனக்கும் நடுவுல. இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்."

சேரிப் பொம்பளையை அவன் வாங்க என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அம்மா நடந்து அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

நானும் போகலாம் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"ஏ ஆஸ்திரேலியா, நகராத!" என்று கத்தினான். "நீ நகந்தா எல்லாம் கலைஞ்சுடும்."

அவன் சொன்னது சரி என்று அப்போது தோன்றியது. என் கோடியில் நான் நின்றால்தான் எல்லாருக்கும் இடம் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். நின்றேன். நைனாவுக்குப் பால் ஊற்றியதை அங்கிருந்துதான் பார்த்தேன்.

அம்மா குனிந்தாள். எங்களில் தலையைத் தெற்கே வைத்துத்தான் புதைப்பார்கள். "தெக்கு எது?" என்று கேட்டாள்.

"என் பக்கம்" என்று கத்தினேன்.

என் பக்கம் பார்த்து ஊற்றினாள். அந்த மண்ணில் சுண்ணாம்பு ஊறிப்போயிருந்தது. பால் எங்கே விழுந்தது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. செம்பைக் கவிழ்த்தாள். ஊற்றியவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். வாத்தியார் இருந்தால் கலையலாம் என்று சொல்வார். சொல்ல ஆள் இல்லை. ருஷ்யாதான் முதலில் உட்கார்ந்தாள். சாயபு பேரன் தொப்பியை எடுத்துத் தட்டினான். சுண்ணாம்பு போகவில்லை. உள்பக்கம் வெளியே வரும்படி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டான்.

பள்ளிக்கூடத்தை அப்புறம் திறக்கவில்லை. கொட்டகையில் மறுபடி பட்டை அடுக்கினார்கள். நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ரோமம் பிடுங்கப் போனேன்.

இப்போது என் மகன் படிக்கிற பள்ளியில் துணிப்படம் தொங்குகிறது. ஒரு நாள் போய்ப் பார்த்தேன். பஸ்ரா ஒரு புள்ளி. அந்தப் பக்கமெல்லாம் தனி நாடு ஆகிவிட்டதாம், அதற்கு வேறு பெயர். நாங்கள் காட்டிய இடம் சரிதானா என்று விரல் வைத்துப் பார்த்தேன். அரேபியாவுக்குள்ளே ரொம்பவும் தள்ளி ஊற்றியிருக்கிறோம் போலிருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை.

பால் ஊற்றிய அன்று சாயங்காலம் அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சாவுக்கு வந்து நின்றவர்களைக் காரியத்துக்குச் சாப்பிடக் கூப்பிட வேண்டும்.

"எத்தினி பேரு வந்தாங்க?" என்று கேட்டாள்.

"அவங்க நம்ம வூட்ல சாப்பிட வர மாட்டாங்கம்மா."

"தெரியும்."

முறத்தைத் தட்டினாள்.

"வராட்டி போறாங்க. அரிசி போடணும். எத்தினி பேரு நின்னீங்க?"

ஒவ்வொரு நாடாக நினைத்து விரல் விட்டு எண்ணினேன்.

ஏழு.